மருமகளின் விமானத்தில் நான் ஏற்றிய பத்தொன்பது கிலோ

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒரு தடவை கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டு, ‘இயேசு மரி சூசை’ என்று எழுதியதோடு நின்றுவிட்டது. இடையில் சண்டை திரும்பவும் வந்தது. வீட்டை விட்டு ஓடியபோது அந்தக் கொப்பியும் போய்விட்டது. ஆனால் நான் எழுதாததற்குச் சண்டை காரணம் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப்பிழை வருமே என்ற கூச்சமும் இல்லை. நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

நான் மன்னாரில் வாடகைக்கு வான் வண்டி ஓட்டுகிறவன். மடு மாதா கோயில் திருவிழாக் காலத்தில் பதினான்கு பேருக்கான வானில் இருபத்திரண்டு பேரை ஏற்றியிருக்கிறேன். இன்னும் ஒரு கிழவி கைகாட்டினால் அவவுக்கும் இடம் வரும். போர்நிறுத்தம் இருந்த காலத்தில் ஒரு ஆடி மாதம், ஒஸ்லோவில் இருக்கும் என் அக்கா, ஒரு மாதம் வந்து நின்றுவிட்டுப் போ என்று கூப்பிட்டார். வரும்போது மடுவிலிருந்து கொஞ்சம் மண்ணும், ஒரு மாதா சொரூபமும் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பகுதியில் விஷக்கடிக்கும் ஆபத்துக்கும் மடு மண்ணை நம்புகிறவர்கள் நாங்கள். அக்காவுக்குப் பாம்புப் பயம் இல்லை. அவருக்கு இருந்த பயம் ஆகாயத்தில்.

அக்காவின் மகள் ஷாமினி அந்த ஊரிலேயே பிறந்தவள். அப்போது இருபத்திரண்டு வயது. மருந்தாளர் படிப்புப் படித்துக்கொண்டே, ஓய்வு நாட்களில் ஒரு பறக்கும் கழகத்தில் சேர்ந்து, அதற்கு முந்தின வருடம் இளவேனிலில்தான் சிறு விமானம் ஓட்டும் அனுமதிப் பத்திரம் எடுத்திருந்தாள். விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக வந்தவள் அவள்தான். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, கல்லோ?” என்றாள்.

“மண்,” என்றேன்.

சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில், மாடிக்குடியிருப்பில் மூன்றாம் தட்டில் அக்கா வீடு. ஜன்னலைத் திறந்தால் பைன் மரங்கள். இரவு பத்து மணிக்கும் பகல் போல வெளிச்சம். செபமாலை சொல்லி முடித்துப் படுத்தால் நித்திரை வராது, எழுந்து திரிவேன். முதல் நாள் காலைச் சாப்பாட்டில் ஒரு பழுப்புக் கட்டியைக் கண்டு பனங்கட்டி என்று நினைத்து வாய் நிறையப் போட்டேன். அது ஆட்டுப்பால் சீஸ். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் பட்ட பாட்டை அத்தான் பார்த்து, “மச்சான், இருபத்தைஞ்சு வருஷமா நான் அந்தப் பாட்டைத்தான் பட்டுக்கொண்டிருக்கிறன்,” என்றார்.

அத்தானுக்கு ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. பகிடிக்காரர். ஆனால் ஷாமினி மேசையில் வரைபடத்தை விரித்தால் எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார். மகள் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் அதைப் பற்றி அவர் ஒரு சொல் கதைத்ததில்லை என்று அக்கா சொன்னார்.

ஷாமினியின் திட்டம் இதுதான். மலைப்பக்கத்தில் ஒரு சின்ன விமானத்தளம். அதற்குக் கிட்ட, விடுமுறைக்கு வாடகைக்கு விடும் மரவீடு ஒன்று. ஹித்தே என்று சொல்கிறார்கள். நாங்கள் நான்கு பேரும் நான்கு இருக்கை விமானத்தில் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வருவது. காரில் நான்கு மணித்தியாலம், விமானத்தில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அத்தான் எப்படியோ சம்மதித்திருந்தார்.

“இந்த ஒருக்கா வாறன் எண்டிருக்கிறார்,” என்று அக்கா குசினிக்குள் வைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். “ஒருக்காத்தான். இதில ஏதும் பிசகினால் பிறகு அந்தப் பக்கமே தலைவைச்சுப் படுக்கமாட்டார். பிள்ளை தகப்பனுக்குக் காட்டவேணும் எண்டு ஒரு வருஷமாக் காத்துக்கொண்டிருக்கிறாள்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஷாமினி குளியலறைத் தராசைக் கொண்டுவந்து வரவேற்பறை நடுவில் வைத்தாள். எல்லாரும் சப்பாத்து, ஜாக்கெட்டோடு ஏறி நிற்க வேண்டுமாம்.

அக்கா ஏறவில்லை. “எழுது, அறுபத்திரண்டு.”

“அம்மா, அது உங்கட கலியாணத்தில.”

“தம்பிக்கு முன்னால நான் தராசில ஏறமாட்டன்.”

“அப்ப நீங்கள் எல்லாரும் சுவரைப் பாருங்கோ. நான் மட்டும் நம்பரைப் பார்க்கிறன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

நாங்கள் சுவரைப் பார்த்தோம். அவள் ஒவ்வொருவராக எழுதினாள். பிறகு சொன்னாள், ஆளுக்கு நான்கு கிலோ, மெத்தென்ற பை, அதற்கு மேல் ஒரு சீப்பும் கூடாது. நான் சிரித்துவிட்டேன். “நாலு கிலோவுக்குள்ள மூண்டு நாளைக்கோ பிள்ளை? என்ர வானில ஒரு ஆச்சி தன்ர மடியில வைச்சிருக்கிறதே ஆறு கிலோ வரும்.”

“வான் றோட்டில நிக்கும் மாமா,” என்றாள். “இது நிக்காது.”

சனிக்கிழமை போக இருந்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் முகில் மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஷாமினி கணினியில் வானிலை பார்த்தாள், யாருக்கோ தொலைபேசி எடுத்தாள், “இண்டைக்கு இல்லை,” என்றாள். கட்டிய பையோடு நான் வாசலில் நின்றேன். எங்கள் ஊரில் மழை என்றால் தார்ப்பாய் போட்டுக்கொண்டு போவோம்.

ஞாயிறு தமிழ்ப் பூசை. பூசை முடிந்து கோயில் ஹாலில் தேத்தண்ணீர் குடிக்கும்போது, மடு மண் கேட்டு ஆட்கள் என்னைச் சூழ்ந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு சிட்டிகை, கடதாசியில் மடித்துக் கொடுத்தேன். கொடுத்தும் பையில் பெரும்பகுதி மிச்சம். அப்போது யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக்காரர் ஒருவர் அத்தானின் தோளில் தட்டினார்.

“என்ன அண்ணை, மகள் பைலட்டாம். எங்களை எப்ப ஊருக்குக் கொண்டுபோய் இறக்கப்போறா? ரிக்கெட் காசு மிச்சம்!”

நாலு பேர் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். ஆனால் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

திங்களும் காற்று. ஷாமினி மணிக்கொருதரம் கணினிக்குப் போவாள், வருவாள். நானும் பின்னாலேயே போய் நின்று எட்டிப் பார்ப்பேன். “ஸ்லாப் ஆவ், மாமா,” என்றாள். பதறாதீர்கள் என்று அர்த்தமாம். வீட்டில் இருக்க ஏலாமல் அக்காவோடு நகருக்குள் இருக்கும் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே பாகிஸ்தான்காரர் கடையில் பச்சை மிளகாய், முருங்கைக்காய், தேங்காய்ப்பால் எல்லாம் ஊரைவிடத் திறமாக அடுக்கியிருந்தன. இறைச்சிக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற இளந்தாரி திரும்பி, “சார் நீங்க கேரளாவா?” என்று கேட்டார். சென்னைப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவராம்.

“இல்லைத் தம்பி, நான் கதைக்கிறது தமிழ்தான்,” என்றேன்.

“சாரி சார். நீங்க பேசுறது பாட்டு மாதிரி இருந்துச்சு, அதான்.” பிறகு, ஒரு வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் முன்பின் தெரியாத ஒருவரோடு தமிழில் பேசுகிறேன் என்று சொல்லி, தன் வரிசை இடத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார்.

அக்கா அங்கிருந்து வேறு இடம் போக வேண்டியிருந்ததால் நான் தனியாக ரயிலில் திரும்பினேன். இரண்டு கையிலும் பை. முன்னால் ஒரு தமிழ்ப் பெண் கறிவேப்பிலைக் கட்டோடு இருந்தா. இவ இறங்கும் இடம்தான் நமக்கும் இடம் என்று மனதில் முடிவுகட்டி அவ பின்னாலேயே இறங்கினேன். அது ஹவுகெட்டோ. ஹொல்ம்லியா அடுத்த நிலையம். ஆட்டிறைச்சியைத் தூக்கிக்கொண்டு ஒரு நிலைய தூரம் நடந்தேன். பத்து வயதிலிருந்து வாகனத்தில் தொங்கித் திரிந்தவன், இறங்கும் இடம் தெரியாமல் நடந்ததை ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

செவ்வாயும் முகில். அக்கா அன்று முழுக்கச் சமைத்தார். பின்னேரம் ஷாமினி, “புதன் நல்லாயிருக்கும்,” என்றதும் அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“டேய் தம்பி, மலையில போயிருந்து மூண்டு நாளும் பாணும் சீஸுமோ தின்னுறது? இஞ்சை பார், இறைச்சிக்கறி வைச்சு உறையப் போட்டிருக்கிறன். அரிசி, மா, இடியப்ப உரல் எல்லாம் எடுத்து வைச்சாச்சு. மாதாவையும் மண்ணையும் விட்டிட்டு என்ர பிள்ளையோட நான் மேல ஏறமாட்டன். நீ வான்காரன்தானே, ஒரு வழி பண்ணு.”

மறுத்திருக்கலாம். ஆனால் எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. நான்கு கிலோ என்று ஒருவர் சொன்னால், உள்ளே பத்துக் கிலோவுக்கு இடம் வைத்துக்கொண்டுதான் சொல்லுவார் என்பது என் தொழிலின் கணக்கு. எந்த வண்டியிலும் எழுதியிருப்பது ஒன்று, ஏற்றுவது வேறு. அப்படியேதான் முப்பது வருடம் ஓடினேன். கோயில் ஹாலுக்கு என்று மற்ற இருவரிடமும் சொல்லி, விடியச் சாமானைக் கார் டிக்கியில் கம்பளத்தால் சுற்றி வைத்தோம்.

புதன்கிழமை வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. விமானத்தளத்தில் ஷாமினி விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இறக்கையின் ஓரத்தைக் கையால் தடவினாள், எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தாள், முன்சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தாள். விமானம் என் வானைவிடச் சின்னது. கதவைச் சாத்தினால் தகர டப்பாச் சத்தம். எங்கள் நான்கு பைகளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தராசில் திரும்ப நிறுத்தாள். எல்லாம் சரி. பிறகு கடைசியாக வானிலை கேட்டு வர அலுவலக அறைக்குள் போனாள். அத்தானும் கழிப்பறைக்குப் போனார்.

நான் வேகமாக வேலையை முடித்தேன். சோதனைச் சாவடியில் சாமான் மறைத்த கை இது. இருக்கைகளுக்குப் பின்னால், அடிவரைக்கும் தள்ளி, தட்டையாகப் பரப்பி, மேலே கம்பளம், அதற்கு முன்னால் எங்கள் நான்கு பைகள். பாரம் பின்னால் இருந்தால் முன்பக்கம் லேசாகி இன்னும் சுகமாக எழும்பும் என்றுகூட நினைத்தேன். அப்படியும் ஒரு மூடத்தனம்.

ஷாமினி திரும்பி வந்தாள். கதவுக்குக் கிட்ட வந்தவள் நின்றாள். முன்சக்கரத்தின் காலைப் பார்த்தாள். பளபளவென்ற ஒரு குழாய் அது, பாரம் ஏற ஏற உள்ளே போகும். விரலை வைத்து அளந்தாள்.

“காலமை நாலு விரல் இருந்தது,” என்றாள். “இப்ப ஆறு. முன்பக்கம் எழும்பி நிக்குது. ஒருத்தரும் ஏறாமலே வால் தாழ்ந்திருக்கு.”

அக்கா வானத்தைப் பார்த்தார்.

“மாமா, பின்னால வேற ஏதும் வைச்சனீங்களோ?”

என் கழுத்தில் செபமாலை. அன்று காலையும் ஒரு ஐம்பத்துமூன்று மணி சொல்லி முடித்தவன். “இல்லைப் பிள்ளை,” என்றேன்.

அவள் பின்கதவைத் திறந்தாள். நான்கு பைகளைப் பார்த்தாள். கை பைக்கு மேலே வரைக்கும் போனது. பிறகு என்னைப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக் கதவைச் சாத்தினாள். மாமா இல்லை என்று சொன்ன பிறகு மாமாவின் பையைக் கிளறுவது எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கம் இல்லை. ஒஸ்லோவில் பிறந்தாலும் அந்தப் பழக்கத்தை அக்கா சொல்லித்தான் வளர்த்திருந்தார்.

ஏறினோம். முன்னால் ஷாமினியும் அத்தானும், பின்னால் அக்காவும் நானும். காதுக்கருவி மாட்டினோம். அத்தான் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்திருந்தார். இயந்திரம் உறுமியது. விமானம் புல்லோரமாக உருண்டு போய் ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்றது. ஷாமினி ஒரு அட்டையை மடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகத் தானே கேட்டு, தானே தொட்டுப் பார்த்து, தானே மறுமொழி சொன்னாள். நமது மன்றாட்டு மாலை போல, ஒரு வரியும் தவறாமல். இந்த முப்பது வருடத்தில் நான் என் வானின் பிரேக்கைத் தொட்டுப் பார்த்துக் கிளம்பிய நாள் எத்தனை என்று நினைத்தேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன். ‘பாவிகளாயிருக்கிற எங்களுக்காக’ என்ற இடத்துக்கு மேல் வாய் போகவில்லை. திரும்பத் தொடங்கினேன். அங்கேயே நின்றது.

அட்டையை மூடிவிட்டு அவள் தலையைத் திருப்பினாள். “எல்லாருக்கும் பெல்ட் சரிதானே? போகமுன்னம் ஒருத்தருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ? அப்பா?”

“இல்லை.”

“அம்மா?”

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார்.

“மாமா?”

“பிள்ளை, போகாதை,” என்றேன். “பின்னால இருக்கு. நான் பொய் சொன்னனான்.”

காதுக்கருவியில் எல்லாருக்கும் கேட்டது. ஷாமினி ஏதோ நோர்வேஜியனில் வானொலியில் சொன்னாள். பிறகு விமானத்தைத் திருப்பி, வந்த வழியே மெதுவாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். விசிறி நின்றது.

ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தாள். ஐஸ்கிரீம் பெட்டி இரண்டில் இறைச்சிக்கறி. அரிசிப் பை. மா. தேங்காய்ப்பால் டின். உரல். மண். எல்லாவற்றையும் தராசில் வைத்து எழுதினாள். கடைசியில் மாதா சொரூபத்தை எடுத்து, பாதத்தில் முத்தமிட்டு, அதையும் தராசில் வைத்தாள்.

“மாதாவை நிறுக்கிறதோடி!” என்று அக்கா பதறினார்.

“மாதாவுக்கும் நிறை இருக்கு அம்மா.”

பத்தொன்பது கிலோ. ஒரு தாளில் கணக்குப் போட்டு என்னிடம் காட்டினாள். கோடு போட்ட ஒரு பெட்டி, அதற்குள் ஒரு புள்ளி. “இதுதான் காலமை நான் போட்ட புள்ளி. நிறை கூடினால் மேல போகும், பாரம் பின்னால போனால் வலப்பக்கம் போகும்.” பெட்டிக்கு வெளியே, வலப்பக்கத்தில், இன்னொரு புள்ளி வைத்தாள். “இது உங்கட புள்ளி, மாமா.”

“எழும்பியிருக்காதோ?”

“எழும்பியிருக்கும் எண்டுதான் நினைக்கிறன். எழும்பின பிறகு என்ன செய்திருக்கும் எண்டு எனக்குத் தெரியாது.” தாளை இரண்டாக மடித்தாள். “எனக்கும் பிழை இருக்கு. சக்கரம் சொன்னது. நான் கையை விட்டுப் பார்த்திருக்கவேணும். நீங்கள் மாமா எண்டபடியால் பார்க்கேல்லை. விமானத்துக்குள்ள மாமா எண்டு ஒராள் இல்லை, பயணிதான்.”

அவள் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அப்ப உதுகளைக் காரில வைச்சிட்டு வெளிக்கிடுவம்,” என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “வெயில் எறிக்குது, அப்பாவும் வந்திட்டார்...”

ஷாமினி தன் கையை நீட்டிக் காட்டினாள். விரல் நடுங்கியது. “இந்தக் கையோட நான் உங்களை மேல கொண்டுபோகமாட்டன். இண்டைக்கு இல்லை.”

ஒரு வருடம் காத்திருந்த நாள். அதைத் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விமானத்தை நிறுத்துமிடத்துக்குத் தள்ளப் போனாள். அத்தான் அதுவரைக்கும் ஒரு பக்கமாக நின்றவர், போய் இறக்கையில் கை வைத்தார்.

“அங்கை இல்லை அப்பா. இந்தக் கம்பில, அடியில பிடியுங்கோ.”

பிடித்தார். இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். நான் உதவிக்குப் போகவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை.

காரில் போனோம். இரண்டு மணித்தியாலம் ஓடினோம். ஏரிக்கரையில் நிறுத்தி, உறைந்த கறி இளகிவிட்டதே என்று அக்கா பாணோடு கொடுத்தார். நல்ல ருசி. எனக்கு இறங்கவில்லை. பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்த வயதான நோர்வேத் தம்பதி மணத்தைப் பிடித்து எட்டிப் பார்த்தார்கள். ஷாமினி அவர்களுக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். அந்த மனிதர் உறைப்பில் முகம் சிவந்து, கண்ணீர் வழிய ஏதோ சொன்னார். “வருசத்துக்கு ஒருக்கா இப்படி அழுதால் உடம்புக்கு நல்லதாம்,” என்று ஷாமினி எங்களுக்குச் சொன்னாள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டது அப்போதுதான்.

திரும்பக் காரில் ஏறியபோது அத்தான் முன் இருக்கையில் பெல்ட்டைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

“ஷாமினி, அடுத்த முறை எப்ப?”

“என்ன அடுத்த முறை?”

“பறக்கிறது. எனக்குப் புதன், சனி லீவு.” பிறகு திரும்பாமலே, “மச்சான், நீர் கீழ நிண்டு கொடியை ஆட்டும்,” என்றார்.

மலை வீட்டில் மூன்று நாளும் மழை. நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். அவர்கள் இருவரும் மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு இருந்தார்கள். அத்தானின் விரல் அவள் காட்டிய கோட்டின் மேல் போனது. நான் ஊர் திரும்பும் வரைக்கும் நல்ல நாள் கிடைக்கவில்லை. புரட்டாதியில் இருவரும் போய் வந்ததாக அக்கா தொலைபேசியில் சொன்னார். அத்தான் இறங்கி வந்து, சோறு போடு, பசிக்குது என்று மட்டும் சொன்னாராம்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்து வானில் யாத்திரிகர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். மாதாதான் என் வாயைத் திறந்தா என்று சொன்னேன். நான் பொய் சொன்னதைச் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் அந்தக் கதை எனக்கே திரும்பி வந்தது. நடு ஆகாயத்தில் இயந்திரம் நின்றதாம், ஒன்றும் அறியாத பிள்ளை கதறியதாம், சொரூபம் ஒளி வீசியதாம். நான் மறுக்கவில்லை. மாதா காப்பாற்றிய வான்காரர் என்று ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

கதை கடல் தாண்டி ஒஸ்லோக் கோயில் ஹாலுக்கும் போய்விட்டது. போன மாதம் ஷாமினி தொலைபேசி எடுத்தாள். இப்போது அவளுக்கு வேலை, கலியாணம் எல்லாம் ஆகிவிட்டது. கோபப்படவில்லை. “மாமா, உங்கட கதையைக் கேட்டனான். நல்லாயிருக்கு. அதில நான் எங்கை?” என்று கேட்டாள். அடுத்த நாள் புதுக் கொப்பி வாங்கினேன்.

மாதா உதவவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பிரார்த்தனை என் தொண்டையில் நின்றது உண்மை, அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்லுவேன். ஆனால் வேலையைச் செய்தவள் அந்தப் பிள்ளை. ஆகையால் இதைக் கையில் எடுக்கிறவர்களுக்கு என் பணிவான வேண்டுதல். உங்கள் கோயில் பங்கில், உங்கள் வீட்டில் நாலு பேருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், பிரதி எடுத்தும் கொடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். வேறு ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எங்களை ஆகாயத்தில் ஏற்றாதீர்கள், நாங்கள் தரையை விட்டு எழும்பவே இல்லை. முதலில் அவள் சக்கரத்தைக் கண்டாள். என்னைக் கேட்டாள். நான் பொய் சொன்னேன். அவள் இன்னொரு முறையும் கேட்டாள். இந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள்.